அறுபட்ட விரிப்பு

காலை பத்து மணிக்குக் கூடத்தில் தச்சரின் கடப்பாரை நின்றது. மரத்தரை ஒரு மூலையில் மட்டும் ஊறி உப்பிக்கொண்டதால் அவரை வரவழைத்திருந்தார்கள். பலகைகளைப் பெயர்த்தார். அடியில் கான்கிரீட் நனைந்து கறுத்திருந்தது. ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க அதையும் உடைத்தார். உள்ளே வளையலோடு ஒரு கை எலும்பு.

"அண்ணி வளையல்," என்றாள் தங்கை.

பதினோரு மணிக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"அண்ணி எப்போ காணாமப் போனாங்க?"

"இந்த வீடு கட்டும்போது. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்கன்னு அண்ணன் சொன்னார்."

பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தரை போடுறதுக்கு முதல் நாள் போனா மேடம். மேஸ்திரியோட ஆளுங்கதான் புதைச்சுட்டு மேல கான்கிரீட்டைக் கொட்டியிருக்கணும்."

"அப்புறம் மேஸ்திரி?"

"கான்கிரீட் இறுகினதும் வேற ஊர் வேலைக்குப் போயிட்டார். பலகை அடிக்கிற வரைக்கும் வீடு பூட்டியே கிடந்தது."

"சாவி?"

"என்கிட்டதான்."

இன்ஸ்பெக்டர் குழியருகே குந்தி, கறுப்புப் பிளாஸ்டிக்கின் விளிம்பை இழுத்தார். "இது என்ன?"

"விரிப்புங்க," என்றார் தச்சர். "மண்ணு ஈரம் மேல ஏறாம இருக்க, கான்கிரீட்டுக்கு முன்னாடி வீடு முழுக்க விரிப்பாங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து அண்ணன் பக்கம் திரும்பினார். "புதைச்ச பிறகு தரை போட்டிருந்தா, விரிப்பு உடம்புக்கு மேல முழுசா மூடியிருக்கும். இங்கே சுத்திலும் கத்தியால அறுத்திருக்கு. அப்போ தரை இறுகின பிறகுதான் உடைச்சிருக்காங்க. சிமெண்ட்டை நல்லாத்தான் பூசினீங்க. விரிப்பை ஒட்ட மறந்துட்டீங்க. ஈரம் அந்த ஓட்டை வழியாத்தான் ஏறிச்சு. அப்போ சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்தது."

"போறேன்னு அவ சொன்னது நிஜம்," என்றான் அண்ணன். "நான்தான் விடல."

அண்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. தங்கை வாசற்படியிலேயே நின்றாள். அண்ணியின் அம்மா எத்தனையோ முறை இந்த வாசலுக்கு வந்திருக்கிறார். 'ஓடிப்போனவங்களை இங்க வந்து தேடாதீங்க' என்று கதவைச் சாத்தியவள் இவள்தான்.

"அண்ணி வீட்டுக்கு நாங்க சொல்லிடுறோம்," என்றார் ஜீப்பில் போகாமல் பின்தங்கி நின்ற இன்ஸ்பெக்டர்.

"வேணாம். நானே சொல்றேன்."

எண்ணை அழுத்தினாள்.

"அத்தை... நான்தான்."

மறுமுனையில் மூச்சு வாங்கியது. பிறகு அந்தக் குரல் கேட்டது:

"அவ வந்துட்டாளாம்மா?"