கொட்டிய விளக்கெண்ணெய்

மத்திகிரியில் பஸ் மக்கர் செய்ததும், மழைக்கு ஒதுங்க டாக்டர் ருக்மணிக்குக் கிடைத்தது மாட்டுப் பண்ணைக் கொட்டகைதான். உள்ளே ஒரே இரைச்சல். குழியில் போட்டு மூடிப் பதப்படுத்தும் தீவனத்துக்காகப் பச்சைச் சோளத்தட்டை அறுத்துத் துண்டாக்கும் புது மிஷினைச் சோதித்துக்கொண்டிருந்தான் முனிராஜ்.

"யாருங்க அது? தள்ளி நில்லுங்க... பொடவை சிக்கிக்கும்!"

"மழையில போய் நிக்கட்டுமா?"

அவன் நிமிர்ந்தான். நல்ல கண்கள்தான்... என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான்.

கொட்டகையை ஒட்டிய வீட்டிலிருந்து அவன் தாய் சரோஜம்மாள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். "காலையிலேர்ந்து இதே வலி. குடல் விழுந்திருக்குது. எண்ணெய் தடவித் தட்டி விட்டா சரியாப் பூடும்."

ருக்மணி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வீக்கமே இல்லை. ஆனால் வலி பொய் சொல்லவில்லை.

"தட்டாதீங்கம்மா! நான் டாக்டர். உள்ளே குடல் சிக்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

தடுத்த வேகத்தில் எண்ணெய் தரையில் கொட்டியது. சரோஜம்மாளின் முகம் கறுத்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா... இவ எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது!"

"சோதனை பாதியில நிக்குதுங்க... நாளைக்கு வரேன்" என்று முனகினான் முனிராஜ்.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

அவன் பண்ணை ஜீப்பில் ஏறினான்.

ருக்மணி வேலை பார்க்கும் ஓசூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் ஒரு பிளவு. அதற்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட குடல் கறுத்துக் கிடந்தது. அதை விடுவித்து, வெந்நீரில் நனைத்த துணி போர்த்திக் காத்திருந்தார்கள். டாக்டருக்குப் பயம் ஆகாது என்பார்கள். பக்கத்தில் நின்ற ருக்மணிக்குப் பயமாகத்தான் இருந்தது... மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது. பிளவைத் தைத்து மூடினார்கள்.

தையல் பிரித்த அன்று சரோஜம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிள்ளை பிழைத்ததை மறக்கவில்லை. எண்ணெயையும் மறக்கவில்லை.

"அம்மாவுக்கு இன்னும் கோவங்க. எண்ணெய் கொட்டினா வீட்டுக்கு ஆவாதாம்."

"அதுக்கு நான் என்ன செய்யணுமாம்?"

"கொட்டினவங்களே வந்து எங்க வீட்டு வெளக்குக்கு எண்ணெய் ஊத்தணும்... தெனமும்." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குதுங்க."

ருக்மணியின் காது சூடாகியது. எனக்கும்தான்... அதை அவனிடம் சொல்ல வெட்கம். ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"வாசப்படி மிதிச்சா அத்தை திட்ட மாட்டாங்களா?"

சரோஜம்மாள் திரும்பவில்லை.

"கிண்ணத்த மட்டும் கெட்டியாப் புடிக்கச் சொல்லுடா."