நுரை ஏறிய துளை

உள்ளே விட்ட சேறு திரும்பி வரவில்லை. ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, அறுப்பு முடிந்த வயலில் எண்ணெய்க்காகத் துளை போட்டுக்கொண்டிருந்த அன்புவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். குழாய் வழியே இறங்கும் சேறு, கல்துகளை அள்ளிக்கொண்டு மேலேறி சல்லடையில் விழ வேண்டும். காலையிலிருந்து லாரி லாரியாக ஊற்றியாயிற்று, கசிவை அடைக்க உமி மூட்டைகளையும் கொட்டியாயிற்று. கீழேயிருந்து மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"பாறையெல்லாம் வெடிப்பு. கீழ அழுத்தமே இல்ல. கனமா ஊத்துனா குடிச்சிடுது," என்றார் இன்ஜினியர் ஸ்டீவன். "நுரை விடுங்க. லேசா இருந்தா உள்ள இருக்கறது தானா மேல வரும்."

அன்புவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. துளையை ஒட்டிய சல்லடையருகே நின்றவன் குணா, மனைவி சுமலதாவின் ஒரே தம்பி. இந்த வேலைக்கு அவனை இழுத்து வந்ததே அன்புதான். பத்திரமா கூட்டினு வந்துடு என்று காலையில்கூட அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெள்ளையாகப் போன நுரை சிவந்து வந்தது. டீசல் வாடையை மீறி, கறிக்கடையின் வெதுவெதுப்பான வீச்சம் வயலெங்கும் பரவியது. குணா குனிந்து சல்லடையில் எதையோ பொறுக்கினான்.

"இன்னா மாமா இது? கல்லு இல்ல. நகம்."

"போட்டுட்டு இந்தாண்ட வாடா!"

அதற்குள் குழாய் மொத்தமும் ஒரே இழுப்பில் உள்ளே போனது. அதைப் பூட்டியிருந்த சங்கிலி சுழன்று குணாவின் கையில் சுற்றியது. தோள் எலும்பு முறிந்தது. ஆள் நுழையும் அகலத் துளை. தலைகீழாகப் போனான். சங்கிலி அறுந்தது. அவன் கால்கள் மட்டும் வெளியே. அலறல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"சேத்த ஊத்து! அமுக்குனாதான் நிக்கும்!" என்று கத்தினார் ஸ்டீவன்.

"உள்ள எம் மச்சான் கீறான் சார்!"

அன்பு பாரம் தூக்கும் வின்ச் கயிற்றைக் குணாவின் காலில் மாட்டி லீவரை இழுத்தான். முட்டி பிசகியது. இடுப்பு வந்தது. மற்ற கால் உதைத்தது. உயிர் இருக்கிறது! அன்புவுக்கு அழுகை பொங்கியது.

முதுகு வந்தது. தலை வந்தது.

தலைமுடியைப் பற்றிய ஒரு கை வந்தது. கழுத்தில் இன்னொன்று. வாய்க்குள் ஒன்று. பிடுங்கிய வேர்க்கடலைச் செடிபோலக் கொத்துக் கொத்தாகக் கைகள். ஒவ்வொரு கைக்குப் பின்னும் தோலில்லாத ஒரு முகம்.

அன்பு லீவரை விட்டுவிட்டான். அவை விடவில்லை. குணாவின் உடம்பைப் பிடித்தபடி, ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஏறி வந்தன. அவன் கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது.