இருப்பிடம்: இளவரசன்

காலையில் சேமித்த மயில் பார்டர் டிசைன் டெஸ்க்டாப்பில் இல்லை என்பதைக் கற்பகம் மதியத்துக்கு மேல்தான் கவனித்தாள். கம்ப்யூட்டர் புதுசு. போன வாரம்தான் பழையதைக் கழற்றி அலமாரியில் ஏற்றிவிட்டு, அதிலிருந்த கணக்கையும் ஃபைல்களையும் கிளவுட் வழியாக இதற்குக் கொண்டுவந்திருந்தாள். டெஸ்க்டாப்பின் இருப்பிடம் எது என்று திறந்து பார்த்தாள். அந்தப் பாதை அவள் பெயரில் முடியவில்லை. ‘இளவரசன்’ என்று முடிந்தது.

இளவரசன் அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டவன். ஆடி மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று முதலாளி தனசேகரன் சொல்லியிருந்தார். எங்கே வைத்து என்று அவள் கேட்கவில்லை.

“அண்ணே, நான் போடறதெல்லாம் இளவரசன் ஃபோல்டருக்கே போய்க்கினு இருக்குது.”

தனசேகரன் குடையை விரித்தபடி அறை வாசலில் நின்றார். “சரி பண்ணிடும்மா. சாயங்காலத்துக்குள்ள முள்ளிப்பட்டுல இருக்கற தறிக்கு டிசைன் போயாகணும், கல்யாணப் புடவை. நான் களம்பூர் வரைக்கும் போயிட்டு ஜல்தியா வந்துடறேன். பக்கத்து ரூம்ல பட்டு இருக்குது, ரெண்டுக்கும் இந்த ஒரே கதவுதான், வெளிய பூட்டிக்கினு போறேன்.”

“பூட்டாதீங்கண்ணே.”

“அட, போனதும் வந்துடுவேம்மா.”

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் இழுபட்டு, பூட்டு ஒருமுறை கதவில் மோதி அடங்கியது. யாரும் டிசைனைப் படம் எடுத்துவிடக் கூடாது என்பதால் போனைக் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் இந்த அறைக்குள் வர வேண்டும். ஏ.சி. போட்டபோது ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டுவதும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த புதுப்பட்டின் பசை வாசனை ஏ.சி. காற்றோடு கலந்து மூக்கில் ஏறுவதும், மேசைக்கு அடியில் யு.பி.எஸ். பூச்சி போல ரீங்கரிப்பதும் கதவு மூடிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தன.

‘பழையபடி மாற்று’ என்ற பொத்தானை அழுத்தினாள். ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்டது. ஆம் என்றாள். பாதை ‘கற்பகம்’ என்று மாறியது. மூடித் திறந்தால் மறுபடி ‘இளவரசன்’. கிளவுட் பேக்கப்பை நிறுத்தினாள், திரும்ப மாற்றினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இந்தத் தடவை அவள் பெயர் நின்றது. மயில் பார்டர் வந்துவிட்டிருந்தது. பெருமூச்சு விட்டாள்.

டிசைனுக்குப் பக்கத்தில் அவள் வைக்காத ஒலி ஃபைல் ஒன்று இருந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து இப்போதுதான் வந்ததாகக் காட்டியது. அவள் தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியது அவளேதான். மின்வயர்கூட இல்லாத வெறும் பெட்டி அது.

ஃபைலைத் திறந்தாள். கீபோர்டு தட்டும் சத்தம். நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம். நீளமான இருமல். பிறகு ஒரு ஆணின் குரல், கதவில் வாயை வைத்துப் பேசுவது போல.

“யாராவது இருக்கீங்களா?”

மூடினாள். இன்னொரு ஃபைல் வந்து விழுந்தது. திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே விரல் அழுத்திவிட்டது.

“பூட்டாதீங்கண்ணே.”

அவள் குரல். சற்று முன் சொன்னது.

நெட் வயரைப் பிடுங்கினாள். மூன்றாவது வந்தது. அதன் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் பதிவாகிக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது. ஏ.சி. அடங்கியது. திரை மட்டும் எரிந்தது. கதவுக்கு வெளியே நடையில் கடை விளக்குகளுக்கு மட்டுமான ஜெனரேட்டர் தானாக உறுமிக் கிளம்ப, மழைக்காகச் சாத்தியிருந்த கடைக்குள் புகை போக வழியில்லாமல் கதவின் அடி இடுக்கு வழியே உள்ளே ஊர்ந்தது. டீசல் நாற்றம். கண் எரிந்தது. துப்பட்டாவைச் சுருட்டி இடுக்கில் திணித்தாள். புகை பக்கவாட்டில் வந்தது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இளவரசனுக்கு நெஞ்சு வலிக்கவில்லை.

கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். “அண்ணே! கதவ தொறங்கண்ணே!”

ஜெனரேட்டர் அவள் குரலை விழுங்கியது. மறுபடி அடித்தாள். இருமினாள். தோள் இற்றுப்போனது. உள்ளங்கைகளைக் கதவிலேயே ஊன்றி நின்றாள்.

அடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

அவள் தலைக்கு மேலே. அதே கதவில். உள்பக்கமிருந்து.

திரை வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் இரும்பில் ஈரமான உள்ளங்கைத் தடம் ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னும் கீழே.

சத்தம் நின்றது.

இடது கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அதன்மேல் வேறொரு கை படிந்திருந்தது, விரலுக்கு விரல், சில்லென்று.