டக்கென்று முறிந்தது எது?

மிளகு யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டாள். "மழை தூறுது" என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பாள். "பால் ஆறிடுச்சு" என்றால் டம்ளரைத் தொட்டுப் பார்ப்பாள். ஆள் சின்னது, காரம் அதிகம் என்று மாமா அவளுக்கு வைத்த பெயர் அது.

மாமா தச்சர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே பட்டறை. பலகையை இழைத்து முடித்ததும் கண் மட்டத்துக்குத் தூக்குவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்.

"நேரா இருக்கு. அனுப்பிடலாம்" என்பார். இல்லாவிட்டால், "கோணல். ஓரமா வை" என்பார். மூன்றாவதாக ஒரு பேச்சு அவரிடம் கிடையாது.

அன்று மிளகு பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. பரணிலிருந்து பலகை எடுக்க மாமா ஸ்டூல் மேல் ஏறினார். அவசரத்தில் ஓரத்தை மிதித்தார். ஸ்டூல் கவிழ்ந்தது. வலது கையை ஊன்றியபடி, மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்தார். குவியல் மேலேயே விழுந்திருக்கலாம். அவ்வளவு அதிர்ஷ்டம் யாருக்கு இருக்கிறது?

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"மாமா!"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஸ்டூல் கால் முறிஞ்ச சத்தம்." மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே வீங்கத் தொடங்கியிருந்தது.

பக்கத்துக் கடை பெயிண்டர் கையில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் உண்டு.

"விரலை ஆட்டுங்கண்ணே."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார்.

"ஆடுதுல்ல? அப்போ எலும்பு உடையல. வெறும் சுளுக்கு. ஒரே இழு, சரியாப் போயிடும்!" பெயிண்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் இழுப்பா. ராத்திரிக்குள்ள அலமாரியை முடிச்சாகணும்" என்று மாமா கையை நீட்டப் போனார்.

மிளகு குறுக்கே பாய்ந்தாள். உளி பிடிக்கிற கை அது. மாமாவின் பிழைப்பே அதில்தான் இருந்தது.

"இருங்க, இருங்க!"

அவள் ஸ்டூலைப் புரட்டினாள். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்.

"மாமா, நாலு காலும் கல்லாட்டம் இருக்கு. அப்போ டக்குனு முறிஞ்சது எது?"

பெயிண்டர் தன் பிரஷ்ஷைப் பார்த்தார். அது முழுசாகத்தான் இருந்தது.

"ஆனா விரல் ஆடுதே?" என்றார்.

"போன வாரம் ஒரு நாற்காலி வந்துச்சே, கால்ல விரிசலோட? சும்மா வச்சிருந்தப்போ நல்லாத்தானே நின்னுச்சு? ஆள் உக்காந்ததும்தானே படுத்துடுச்சு?"

"உக்காந்த ஆளே நான்தானே" என்று பெயிண்டர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"மாமா, ரெண்டு கையையும் மெதுவா மேசை மேல வைங்க."

மாமா வைத்தார். மிளகு குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை நூல் பிடித்தாற்போல இருந்தது. வலது கை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது.

"கோணல்" என்றாள்.

மாமாவும் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதற்குமேல் அவர் அலமாரியைப் பற்றிப் பேசவில்லை.

"அப்போ இழுத்து நேராக்க வேண்டாமா?" என்றார் பெயிண்டர் பாவமாக.

"அது டாக்டர் வேலை. நீங்க கையைத் தொடாதீங்க. வண்டியை எடுங்க."

வீக்கம் ஏறுவதற்குள் மாமாவின் மோதிரத்தை மெதுவாகக் கழற்றினாள். ஒட்டிய பலகை காயும்வரை அதை அசையாமல் கட்டி வைப்பதுதானே பட்டறை வழக்கம்? மெல்லிய பலகை ஒன்றில் துண்டைச் சுற்றினாள். வளைந்த கையை வளைந்தபடியே அதன்மேல் வைத்து, இறுக்காமல் கட்டினாள்.

மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது.

"உடைஞ்சிருக்கு. யாராவது பிடிச்சு இழுத்திருந்தா இன்னும் விலகியிருக்கும்."

பெயிண்டர் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் எலும்பைச் சரியாகப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார். அலமாரி கேட்டவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். கைக்கு முன்னால் அலமாரி என்ன பெரிய அலமாரி! பெயிண்டர் தினமும் வந்து பட்டறையைப் பெருக்கிக் கொடுத்தார். பெருக்கும்போதும் ஆலோசனை சொன்னார். அதை யாரால் நிறுத்த முடியும்?

கட்டுப் பிரித்த அன்று மாமா நேராகப் பட்டறைக்குத்தான் வந்தார். இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துவிட்டு மிளகைக் கூப்பிட்டார்.

"கட்டுப் பிரிச்சாச்சு. கை நேராயிடுச்சாம். டாக்டர் சொன்னார்."

டாக்டர் சொன்னால் மட்டும் மிளகு நம்பிவிடுவாளா? குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய் நின்றும் பார்த்தாள்.

"நேரா இருக்கு. அனுப்பிடலாம்."