பெரியப்பாவின் ‘கிர்ர்’ லென்ஸ்

தேவானந்தம் பெரியப்பாவின் குடும்ப ஆல்பத்துக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் இருக்கும் எல்லாருடைய கண்ணும் நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டும். ஒருவர் திரும்பியிருந்தாலும் அந்தப் படத்துக்கு இடமில்லை.

“நம்ம குடும்பம் தலை நிமிர்ந்து நிக்கிற குடும்பம். படத்திலேயும் அப்படித்தான் நிக்கணும்,” என்பார். முப்பது வருடமாகப் படம் எடுப்பவரும் அவரே.

நாளை ஞாயிறு. பெரியப்பாவின் பேரன், ஒன்பது மாத ஃபிரெடிக்குத் தாம்பரம் தேவாலயத்தில் ஞானஸ்நானம். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலோ வேறொரு பேச்சு. படத்தை யார் எடுப்பது?

பெரியப்பாவின் தம்பி மகன் ஸ்டெபின் கல்லூரியில் படிக்கிறான். புதுக் கேமராவும் புது லென்ஸும் வாங்கியிருந்தான்.

“பெரியப்பா, போட்டி வெச்சிடலாம். என் லென்ஸா, உங்க லென்ஸா?”

“வெச்சுக்கோ,” என்றார் பெரியப்பா, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு.

ஸ்டெபினின் தங்கை அபிகாயில் ஆறாம் வகுப்பு. அவள் வாசலில் ஸ்கிப்பிங் ஆட, இருவரும் படம் எடுத்தார்கள்.

ஸ்டெபினின் லென்ஸ் மூச்சுக்கூட விடவில்லை. பத்துப் படத்திலும் அபிகாயிலின் கண் இமைகூடத் தெளிவாக விழுந்தது.

பெரியப்பா பொத்தானை அழுத்தினார். ‘கிர்ர்... கிர்ர்ர்...’ தெளிவைத் தேடி லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடியும் முன்னே போனது. ஒருவழியாக ‘க்ளிக்’. படத்தில் ஒரு பச்சைப் பாவாடை மங்கலாகப் பறந்தது. அவ்வளவுதான்.

“பெரியப்பா, இது லென்ஸா, மிக்சியா?” என்று சிரித்தான் ஸ்டெபின்.

வாக்கரில் உட்கார்ந்திருந்த ஃபிரெடியும் சிரித்தான். ஒவ்வொரு ‘கிர்ர்’ருக்கும் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

“கேமரா பழசுடா. அதான். என் லென்ஸை உன் கேமராவில மாட்டிப் பாரு!”

இரண்டும் ஒரே கம்பெனி. லென்ஸ் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. ஸ்டெபின் அழுத்தினான். லென்ஸ் அசையவே இல்லை.

ஸ்டெபினின் சிரிப்பு நின்றுவிட்டது. “கழற்றும்போது ஏதோ உடைஞ்சிருக்கும்போல. லென்ஸ் போயிடுச்சு பெரியப்பா.”

பெரியப்பா லென்ஸைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தார். “நாளைக்கு நீயே எடு,” என்று உள்ளே போனவர், காபிக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

அபிகாயிலுக்கு மனசு கேட்கவில்லை. துணியைப் பிரித்து லென்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் இருப்பதுபோல ஒரு சின்னப் பள்ளம். பழைய கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்தில், ஸ்க்ரூடிரைவர் நுனிபோல ஒரு சின்ன நாக்கு. புதுக் கேமராவில்? நாக்கே இல்லை! அண்ணாவின் லென்ஸில் பள்ளமும் இல்லை.

பழைய கேமராவில் லென்ஸை மாட்டி அழுத்தினாள்.

‘கிர்ர்ர்!’

“பெரியப்பா! லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலை! அண்ணா லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கு. உங்க லென்ஸுக்குள்ளே இல்லை. உங்க கேமராதான் அதைத் திருகி விடுது!”

பெரியப்பா வேகமாக வெளியே வந்தார். “நான் அப்பவே சொன்னேனே!” என்றார். உண்மையில் அவர் அப்படி எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

“ஆனா ஜெபம் பண்ணும்போது மிக்சி ஓட்ட முடியாது, பெரியப்பா. நாளைக்கு நானே எடுக்கிறேன்,” என்றான் ஸ்டெபின். பெரியப்பா தலையாட்டினார். ஆனாலும் மறுநாள் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார்.

தேவாலயத்துக்குள் ஸ்டெபின் சத்தமில்லாமல் அழகழகாக எடுத்தான். சிக்கல் வெளியே படிக்கட்டில் வந்தது. இருபது பேர் வரிசையாக நிற்க, ஃபிரெடி மட்டும் மதில்மேல் இருந்த புறாவையே பார்த்தான்.

“ஃபிரெடிக் கண்ணா!” என்று அவன் அம்மா ஜென்சி அக்கா கூப்பிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்டெபினின் அப்பா கைதட்டினார். அவன் அவரைப் பார்த்தான். ஸ்டெபின் விசிலடித்தான். அவன் மறுபடியும் புறாவைப் பார்த்தான்.

பதினைந்து படம் ஆயிற்று. ஒன்றிலும் ஃபிரெடியின் முகம் இல்லை.

“ஞானஸ்நானம் வாங்கினவன் முகமே இல்லாம ஒரு படமா!” என்றார் ஓரமாக நின்ற பெரியப்பா.

அபிகாயிலுக்கு நேற்றைய வாக்கர் நினைவுக்கு வந்தது. வரிசையிலிருந்து குதித்து ஓடினாள். “பெரியப்பா, நீங்க எடுங்க! அவனுக்கு உங்க மிக்சிதான் பிடிக்கும்!”

அவள் வரிசைக்குத் திரும்பியதும் பெரியப்பா பொத்தானை அழுத்தினார். ‘கிர்ர்... கிர்ர்ர்...’

ஃபிரெடி சட்டென்று திரும்பினான். பொக்கை வாய் மலர்ந்தது. இங்கே குதிக்கிறவர் யாருமில்லை, லென்ஸ் ஆற அமரத் தேடி முடித்தது. ‘க்ளிக்!’ நாற்பது கண்களும் நேராக விழுந்தன.

அடுத்த வாரம் ஸ்டெபின் இரண்டு பிரிண்டுகள் கொண்டுவந்தான். ஒன்று, அந்தப் படிக்கட்டுப் படம். இன்னொன்றில் பெரியப்பா. பழைய கேமராவுக்குப் பின்னால், ஃபிரெடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆல்பம் முழுவதும் தேடினாலும் பெரியப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

“இது எப்படா எடுத்தே? சத்தமே கேக்கலையே!”

“அதான் பெரியப்பா என் லென்ஸ்.”

“கண்ணு கேமராவைப் பார்க்கலையே,” என்றார் பெரியப்பா கண்டிப்பாக. ஆனால் படத்தைக் கீழே வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஆல்பத்தை அபிகாயிலிடம் தள்ளினார்.

“ஒட்டும்மா. ஆனா கோணாம ஒட்டு.”