காயாத கோரை

சேற்றுக் கோரை எதுவானாலும் மூன்றே நாளில் காய்ந்து சருகாகிவிடும். ஹென்றியின் கோரை மட்டும் ஐந்தாம் நாளும் சொட்டிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் அவர் தற்காலிகத் தாவரவியல் உதவியாளர். கடல் ஏற்றத்தில் உப்பும் வற்றத்தில் நன்னீரும் குடித்து, அடையாற்றுக் கழிமுகச் சேற்றில் நிற்கும் முக்கோணத் தண்டுக் கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, மையொற்றும் தாள்களுக்கிடையில் அழுத்திக் காயவைத்துச் சனிக்கிழமை கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு. பேராசிரியர் இதைச் சிரித்த முகமாகவே சொன்னார்.

பாய்க்குக் கோரை அறுக்கும் காதர், பிடுங்கப் போன அன்றைக்கே தடுத்தார். "தண்டை அறுத்துக்கினு போ சார். கெயங்குல கை வெக்காதே. நாங்களே வெக்கிறதில்லே."

"சயின்ஸுக்குக் கிழங்கு வேணும், காதர் பாய்."

"அப்போ சயின்ஸே அதுக்குத் தண்ணி ஊத்தட்டும்."

யுத்தகாலம், தாள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஹென்றி பழைய பத்திரிகைகளை அடுக்கினார், செங்கல் வைத்தார், அம்மிக்கல்லையே தூக்கி ஏற்றினார். விடிந்ததும் பார்த்தால் தாள்கள் கூழாகி, ஆற்றுச் சேற்றின் மணத்துக்கு அடியில் வியர்த்த சட்டையின் மணமும் வீசும். பல்லைக் கடித்துக்கொண்டு பிழிவார். தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். நாக்கில் வைத்துப் பார்த்தார்: உப்பு. கழிமுகத்து உப்பு என்று குறிப்பேட்டில் எழுதினார். படித்த மனிதர் அல்லவா!

"அம்மிக்கல் எங்கேங்க?" என்றாள் மனைவி ஃப்ளோரன்ஸ்.

"கோரை மேல."

"கொடத்துத் தண்ணி?"

"குடிச்சிட்டேன்."

"இப்பத்தானே ரொப்பினேன்! ஓட்டை கொடத்துலயா, உங்க வயித்துலயா?"

அவருக்கே விளங்கவில்லை. குடிக்கக் குடிக்கத் தொண்டை வறண்டது. பிழியப் பிழியக் கோரை பச்சையாகச் சிரித்தது.

சனிக்கிழமை காலை. ஃப்ளோரன்ஸ் குழாயடிக்குப் போயிருந்தாள். அம்மிக்கல்லைத் தூக்க முடியவில்லை. தள்ளிவிட்டார். தாளைப் பிரித்தார்.

ஈரமில்லை.

கோரை காய்ந்திருந்தது. கிழங்கு வரை. மொறுமொறுவென்று.

சிரிக்க வாயைத் திறந்தார். உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை. வேலைதான் முக்கியம். பெயர்ச்சீட்டை எடுத்தார். பின்பக்கக் கோந்தை நக்கினார். ஒட்டவில்லை. மறுபடி நக்கினார். மரத்தை மரத்தில் தேய்த்த சத்தம்.

"சே!"

குரல் வரவில்லை. காற்றுதான்.

ஒட்டித் தொலையட்டும் என்று சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அழுந்தவில்லை. கையில் கனமே இல்லை.

ஜன்னல் வழியே ஆற்றுக்காற்று வந்தது. தாளின் ஓரம் மெல்ல எழும்பியது. அதோடு சேர்ந்து அவர் கையும் எழும்பியது. தட்டையாக. பழுப்பாக. சரசரவென்று.