சேறு கழுவாத காலணிகள்

இசக்கியம்மாள் வெறுங்காலோடு நேர்காணல் அறைக்குள் நுழைந்தாள். தேர்வுக்குழுவின் மூவரும் முதலில் பார்த்தது அவள் பாதங்களைத்தான். பல்லுயிர்த் துறையில் காட்டுச் சேறு அப்பிய காலணியோடு வருவதுதான் மரியாதை. கழுவியவர்களைக் களத்துக்கே போகாதவர்கள் என்று ஏளனம் செய்வார்கள்.

“பதினோரு வருஷமா கௌரவ விரிவுரையாளர். பூட்ஸ் கூடவா இல்ல?” என்றார் தலைவர் ஜெயசீலன். அவளுடைய ஆய்வு நெறியாளரும் அவர்தான். மற்ற இருவரும் அவரிடம் படித்தவர்கள்.

“இருக்கு சார். வேணும்னுதான் போடல. கல்தவளையப் பத்திப் பேசணும்.”

மொட்டைக்கல் மலைச் சுனையில், மூன்று மாதம் மழையில் கிடந்து, கல்தவளையை முதலில் கண்டவர் ஜெயசீலன். பிறகு முகர்வி வந்தது. காற்றில் மிதக்கும் உயிர்த்துகளை உறிஞ்சி, அங்கே வாழும் இனங்களை நொடியில் பட்டியலிடும் கையடக்கப் பெட்டி. அதன்பின் யாரும் தவளைக்காக நனையவில்லை. வேறு முப்பத்தாறு மலைகளில் பெட்டி கல்தவளையைப் பதிந்தது. முப்பத்தாறு ஆய்வேடுகள், முப்பத்தாறு முனைவர் பட்டங்கள்; குழுவின் மற்ற இருவருடையதும் அவற்றில் உண்டு. முப்பது இடங்களைத் தாண்டிய இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வரும் திங்கட்கிழமை மொட்டைக்கல் மலை குவாரிக்குப் போகிறது.

“நாலு மழைக்காலம் எல்லா மலையும் நடந்தேன். அந்தச் சுனையத் தவிர எங்கயும் கிடையாது சார்.”

“முகர்வி பொய் சொல்லுமாம்மா?” குழுவில் ஒருவர் சிரித்தார்.

“சொல்லாது. இங்கயே வச்சுப் பாப்போம்.”

மேசை மேலிருந்த முகர்வியை அழுத்தினாள். அது நிதானமாக வாசித்தது: கல்தவளை, மந்தி, இருவாட்சி, மலபார் அணில்... நூற்றுப் பன்னிரண்டு இனங்கள். கடைசியில், “இவ்விடம் அடர்வனம்.”

மூவரும் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்கள்.

“புதுசா சேர்றவங்கள முதல் வாரமே அந்தச் சுனைக்குத்தான கூட்டிட்டுப் போவீங்க? அங்க மிதிச்ச சேத்தத்தான் மலை மலையா சுமந்திருக்கோம். நானும்தான்.”

பதிவுகளை ரத்து செய்ய, இனத்தை முதலில் கண்டவரின் கைரேகை வேண்டும். ஜெயசீலன் மேசைமேலிருந்த துறைக் கணினியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்து மூணாவது உன் பட்டம். அதுவும் போயிரும், தெரியும்ல?”

“தெரியும் சார். எங்க வம்சத்துலயே முதல் டாக்டர் பட்டம். அம்மா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கா.”

“சுனைல இன்னும் சத்தம் கேக்குதா?”

“மூணு கத்துது.”

அவர் விரலை வைத்தார். குவாரி உத்தரவு அந்த நொடியே நின்றது. அடுத்த நொடி திரையில் இரண்டு வரிகள் வந்தன: ‘தகுதியுள்ள விண்ணப்பதாரர் இல்லை. தகுதியுள்ள தேர்வுக்குழுவும் இல்லை.’

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசீலன் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார்.

“மொட்டைக்கல்லுக்கு எப்ப பஸ்?”

“பதினொண்ணுக்கு ஒண்ணு இருக்கு. பூட்ஸ இங்கயே விட்டுட்டு வாங்க சார்.”